எண்ணெய் பிடித்த இடத்தில் ஒட்டாது

புதிதாக வந்து வீடெடுத்துக் குடியேறுபவர்களுக்கு உதவும் என்று எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுதுகிறோம். நாங்கள் ஓ.எல். வரைதான் படித்தோம். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஹனோவரில் லின்டன் பகுதியில் நாங்கள் வீடெடுத்த வருடம், ஊரிலிருந்து அம்மா ஒரு பித்தளைக் குத்துவிளக்குக் கொடுத்தனுப்பினார். 2009இல் இடம்பெயர்ந்தபோது வளவுக்குள் தாட்டுவிட்டுப் போய், மீளக் குடியேறிய பின் தோண்டி எடுத்த விளக்கு. இங்கு வந்து சேர்ந்தபோது தண்டை அடித்தட்டில் பூட்டும் மரை தேய்ந்து கழன்று கிடந்தது. அம்மா தொலைபேசியில், "விளக்கேத்தினியளே பிள்ளை?" என்று கேட்டபோது, "ஓம்" என்று பொய் சொல்லிவிட்டோம்.

பற்றவைக்க வீட்டில் வசதியில்லை. கடையில் சின்ன ரியூப் சுப்பர் குளு வாங்கி, துடைக்காமலே பூசி அழுத்தினோம். உடனே பிடித்தது. மூன்றாம் நாள் கார்த்திகை விளக்கீடு. ஏற்றிவைத்த விளக்கு எரியும்போதே சரிந்தது. கார்ப்பெற் கருகியது. ஓரடி தள்ளி எங்கள் சின்ன மகள் இருந்தாள். அன்றிரவு நாங்கள் நித்திரை கொள்ளவில்லை.

நாங்கள் வேலை செய்வது உலோகத் துண்டுகளை ஒட்டும் பகுதியில். ஆனால் கழுவிய துண்டுகளே எங்கள் கைக்கு வரும். ஏன் கழுவுகிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுத்த நாள் மைஸ்ரரிடம் கேட்டோம். அவர் ஒரு துண்டில் தண்ணீர்த் துளி விட்டுக் காட்டினார். எண்ணெய் உள்ள இடத்தில் தண்ணீர் முத்தாய் உருண்டது. சுத்தமான இடத்தில் பரவியது. பசையும் அப்படித்தானாம். இடையில் எண்ணெய்ப் படலம் இருந்தால் அது உலோகத்தைத் தொடுவதேயில்லை.

பிறகு நாங்கள் செய்தது இதுதான். பழைய பசையைச் சுரண்டி, சவர்க்கார நீரில் கழுவிக் காயவிட்டோம். சான்ட் பேப்பரால் பளபளப்புப் போகும்வரை உரஞ்சினோம். யன்னலைத் திறந்து, அடுப்பு, நெருப்பு எதுவுமில்லாமல், அசற்றோன் தொட்ட துணியால் துடைத்தோம். அதன்பின் அந்த இடத்தில் விரல் படவிடவில்லை. விரலிலும் எண்ணெய் உண்டு.

பசை இரண்டு ரியூபில் வரும் எப்பொக்சி. ஊரில் நாம் அரல்டைட் என்று அறிந்த அதே இனம். சுவிஸ் நாட்டுச் சீபா நிறுவனம் 1946இல் அறிமுகப்படுத்தியது. பெட்டியில் எழுதியிருக்கும் அளவிலேயே இரண்டையும் கலக்க வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் சரியாக இறுகாது. தோலில் பட்டால் ஒவ்வாமை வரலாம், கையுறை அவசியம். லைனே ஆற்றங்கரையில் சனிக்கிழமைகளில் கூடும் பழைய சாமான் சந்தையில் வாங்கிய கிளாம்பால் இறுக்கி, ஒரு நாள் முழுக்க அசைக்காமல் வைத்தோம்.

கவனம்: இந்தப் பசை சூட்டில் இளகும். நாங்கள் ஒட்டியது அடித்தட்டை. திரி எரியும் தட்டை ஒட்டவேண்டாம். சைக்கிள் பிரேக், பிரஷர் குக்கர், காஸ் குழாய் போன்ற, உயிரோடு விளையாடும் எதையும் ஒட்டிப் பாவிக்க வேண்டாம். விளக்கையும் பிள்ளைகளுக்கு எட்டாத, அகலமான மேசையில் வையுங்கள்.

ஏற்றிய அன்று அம்மாவிடம் எல்லா உண்மையையும் சொன்னோம். பொய் சொன்னதற்கு ஏசுவார் என்று நினைத்தோம். அவர் சிரித்துவிட்டு, "எண்ணெய் பிடிச்ச இடத்தில என்னதான் ஒட்டும்? நான் கிழமைக்கு ஒருக்கா புளியும் சாம்பலும் போட்டு விளக்கினதைப் பாத்துக்கொண்டுதானே வளந்தனியள்?" என்றார்.

பார்த்துக்கொண்டுதான் வளர்ந்தோம். ஏன் என்று அவரிடமும் நாங்கள் கேட்கவில்லை.