சின்னவள் கல்யாணம்

மயிலாடுதுறையில் இறங்கி கும்பகோணம் பாசஞ்சரில் ஏறி உட்கார்ந்ததும், நண்பர் தன் காதிலிருந்த இயர்போனில் ஒன்றைக் கழற்றி என் காதில் செருகினார். "பேசாமக் கேளுங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல ஒரு இடம் வரும்."

ராம்நாட் கிருஷ்ணன். 1968-ல் அமெரிக்காவில் நான்சச் கம்பெனி வெளியிட்ட இசைத்தட்டு. வி. தியாகராஜன் வயலின், டி. ரங்கநாதன் மிருதங்கம். நண்பர் கண்ணை மூடிக்கொண்டு வலது கையை மெல்ல உயர்த்தினார். கை உச்சிக்குப் போகவும் வண்டி குத்தாலத்தில் நிற்கவும் சரியாக இருந்தது. முறுக்குக்காரர் ஏறினார். அந்த இடம் முறுக்கோடு போயிற்று.

"கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன். பொய்தான். ஆனால் ஒரு ரசிகர் கையைத் தூக்கிக் காட்டிய இடத்தை நான் தவறவிட்டேன் என்று அவரிடமே சொல்வது, கல்யாண வீட்டில் பாயசம் பிடிக்கவில்லை என்று சொல்வதைப் போல.

எங்களுக்குள் இருபது வருஷ வழக்கு ஒன்று உண்டு. அவருக்கு ஸ்டூடியோ ரெக்கார்டிங் வேண்டும். தம்புரா தனியாக, மிருதங்கத்தின் தொப்பி தனியாகக் கேட்க வேண்டும். எனக்கு சபா ரெக்கார்டிங். இருமல் கேட்க வேண்டும், யாரோ "பலே" சொல்ல வேண்டும், மின்விசிறி சுற்ற வேண்டும். கல்லூரி நாளில் மதுரை மணி ஐயர் கச்சேரி ஒன்றை ஒருவர் எனக்கு சி-90 கேசட்டில் காப்பி எடுத்துக் கொடுத்தார். பக்கத்துக்கு 45 நிமிஷம். ஸ்வரம் ஏறி ஏறி வந்து உச்சிக்குப் போகிற நேரத்தில் 'டக்'. பக்கம் முடிந்துவிட்டது. திருப்பிப் போட்டால் தனி ஆவர்த்தனம் பாதியில் நிற்கும். பல வருஷம் கழித்து அதே கச்சேரி முழுசாகக் கிடைத்தது. அந்த இடம் வந்ததும் என் காதுக்குள் 'டக்' என்றது. இன்றைக்கும் அப்படித்தான்.

அந்தக் காலத்தில் ஒரு கச்சேரி கொடுத்தால் ஒரு கச்சேரி கிடைக்கும். இல்லாதவன் எச்.எம்.வி. கேசட்டோடு திருப்திப்பட வேண்டியதுதான். கொடுப்பவர்களிலும் ஒரு ரகம் இருந்தது. கேட்டதும் கொடுப்பார், ஆனால் மங்களத்தை வெட்டிவிட்டுக் கொடுப்பார். முழுக் கச்சேரி தன்னிடம் மட்டும்தான் இருக்க வேண்டும். அப்படி எனக்கு வந்த நாலைந்து கச்சேரிகள் இன்னும் மங்களம் பாடாமலே கிடக்கின்றன.

நரசிங்கம்பேட்டையில் இறங்கினோம். போக வேண்டியது அடுத்த ஊர்தான் என்றாலும், நாயனம் செய்கிற பட்டறையைப் பார்க்காமல் போக மனசு வரவில்லை. டி.என். ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆசாரி பாரி நாயனம் செய்து கொடுத்த ஊர் இது. 2022-ல் இந்த ஊர் நாயனத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. பழைய வீடு இடித்து எடுத்த ஆச்சா மரம் ஒரு மூலையில் சாத்தியிருந்தது. புது மரம் ஆகாது. காய்ந்து இறுகின மரத்தில்தான் நாதம் என்றார் அங்கே இருந்தவர்.

நண்பர் போனை எடுத்து அதில் உள்ள சுருதி பார்க்கும் ஆப்பைத் திறந்தார். பட்டறைக்காரர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சீவாளியை வாயில் நனைத்து ஒரு ஸட்ஜம் ஊதினார். "பாரின்னா ரெண்டு, ரெண்டரைக் கட்டை. திமிரி அது மேல. அதுக்கு மிஷின் வேணுமா?" ஆப் ரெண்டரை என்று காட்டியது.

ஆடுதுறையில் வாத்தியார் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பதினொரு மணி. கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓட்டு வீடு, திண்ணை. உள்ளே இரண்டு ஸ்டீல் பீரோ. வேட்டி சேலைக்கு இல்லை, ஸ்பூலுக்கு. திறந்ததும் அந்துருண்டை வாசனை. ஒவ்வொரு டப்பாவாக எடுத்து முகர்ந்து பார்த்து வைத்தார். "புளிச்ச வாசனை வந்தா டேப் போயிடுச்சுன்னு அர்த்தம் தம்பி. இந்தக் காவேரிக் கரை ஈரத்துல பூஞ்சை வேற."

நாங்கள் வந்தது ஒரே ஒரு ஸ்பூலுக்காக. கும்பகோணத்தில் பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்தது. நாற்பது வருஷமாக அவரிடம் இருக்கிறது. டப்பாவில் நீல மசியில் இரண்டே வார்த்தை: 'சின்னவள் கல்யாணம்'. ஊர் இல்லை, தேதி இல்லை, வாசித்தவர் பெயர் இல்லை.

மெஷினில் மாட்டினார். முதலில் இரைச்சல். குழந்தை அழுகை. யாரோ ஒருவர் "இலை போட்டாச்சா?" என்று கத்துகிறார். அதற்கு நடுவே ஒத்து. அப்புறம் நாயனம், காம்போதி. அவசரமே இல்லாமல் ஒரு பிடியைச் சொல்லி, தானே ரசித்ததுபோல் அதையே இன்னொரு முறை சொல்லி, பிறகு மேலே போகிறது. நான் முறுக்குக்காரருக்குக் கொடுத்த காதை இதற்குக் கொடுத்தேன். இருபது நிமிஷத்தில் ராகம் சூடு பிடித்து, தவில் சேர்ந்து, கடைசிப் பத்து நிமிஷம் வீட்டையே தூக்கிக்கொண்டு போவதுபோல் இருந்தது. நடுவில் ஒரு குரல், கொஞ்சும் சலங்கை படப் பாட்டை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறது. நாயனக்காரர் காதில் விழாததுபோல் கொஞ்ச நேரம் விட்டு, ஆபேரிக்குப் போகிறார்.

"காருகுறிச்சி. வேற யாரு?" என்றார் வாத்தியார். அவர் கணக்கு இது: படம் 1962 பொங்கலுக்கு வந்தது. எஸ். ஜானகி குரலோடு அந்த ஆபேரிப் பாட்டுக்கு வாசித்தவர் காருகுறிச்சி அருணாசலம். அவர் காலமானது 1964-ல். ஆகவே கல்யாணம் அந்த இரண்டு வருஷத்துக்குள்.

நண்பர் விடவில்லை. "படம் வந்தப்புறம் அந்தப் பாட்டை வாசிக்காத நாயனக்காரர் யார் சார் இருந்தாங்க? எந்தக் கல்யாணத்துல கேக்காம விட்டாங்க?" அதுவும் நியாயம்தான். 62-க்குப் பிறகு என்று வேண்டுமானால் சொல்லலாம், அதற்கு முடிவு தேதி கிடையாது. என் காதுக்கும் அது காருகுறிச்சியாகப் படவில்லை. குழைவு இருக்கிறது. ஆனால் சொன்ன பிடியையே திரும்பச் சொல்லிப் பார்க்கிற அந்தத் தயக்கம் அவருடையது இல்லை. யாரோ ஒரு நல்ல வித்வான். இசைத்தட்டுக்கு வராத நூறு பேரில் ஒருவர்.

"அந்தக் கடைசிப் பத்து நிமிஷ விறுவிறுப்பு? அது வேற யாருக்கு வரும்?" என்றார் வாத்தியார்.

நண்பர் பதில் சொல்லாமல் போனை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்து டேப்பை முதலிலிருந்து ஓட்டச் சொன்னார். தொடக்கத்தில் ரெண்டரைக் கட்டை. காலையில் பட்டறையில் கேட்ட அதே சுருதி. முடிவுக்குத் தள்ளி ஓட்டினார். மூன்று. நாயனம் மட்டும் ஏறவில்லை, ஒத்தும் சேர்ந்து அரைக் கட்டை ஏறியிருக்கிறது. சுருதியாக நிற்க வேண்டிய ஒத்து எப்படி ஏறும்?

பேட்டரியில் ஓடுகிற மெஷினில் ரெக்கார்டு செய்திருக்கிறார்கள். பேட்டரி தீரத் தீர மெஷின் மெதுவாக ஓடும். மெதுவாக ஓடின டேப்பைச் சரியான வேகத்தில் போட்டால் எல்லாமே வேகமாகவும் மேல் சுருதியிலும் கேட்கும். தவில் பறக்கும். குழந்தை அழுகைகூடக் கீச்சென்று ஆகும். ஆகியிருந்தது.

வாத்தியார் கொஞ்ச நேரம் பேசவில்லை. சுற்றிக்கொண்டிருந்த ஸ்பூலையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு நண்பர்மேல் கோபம் வந்தது. சொல்லாமல் விட்டிருக்கலாம். பிறகு வாத்தியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அப்ப நாப்பது வருஷமா என்னை அரைக் கட்டை ஏத்திவிட்டது பேட்டரி கட்டையா!"

அவர் மனைவி காபி டபராக்களை வைத்துவிட்டு நின்றார். "யார் வந்தாலும் இதே பஞ்சாயத்துதான். நாயனம் யாரு, தவில் யாரு, எந்த வருஷம்... கட்டிக்கிட்ட பொண்ணு யாருன்னு ஒருத்தரும் கேட்டதில்லை. அவ பேரையாவது எழுதி வச்சிருக்கலாம்."

கிளம்பும்போது வாத்தியார் பென்டிரைவில் முழுசையும் ஏற்றிக் கொடுத்தார். 'இலை போட்டாச்சா'விலிருந்து கடைசி இரைச்சல் வரை, ஒன்றும் வெட்டவில்லை. வேகத்தைக் கம்ப்யூட்டரில் சரி செய்து தருகிறேன் என்றார் நண்பர். "செய்ங்க. ஆனா ஒரு காப்பியை இப்படியே வச்சிருங்க" என்றவர், வாசல்வரை வந்து இன்னொன்றும் சொன்னார்: "காருகுறிச்சின்னு பேர் போட்டுடாதீங்க. எனக்கு இன்னும் அப்படித்தான் தோணுது. ஆனா ஒரு தடவை தப்பாப் பேர் ஒட்டிட்டா அப்புறம் எவனும் கழட்ட மாட்டான். டப்பால என்ன இருக்கோ அதையே போடுங்க."

அப்படியே போட்டிருக்கிறோம். கேட்டவர்களில் இதுவரை ஏழு பேர் ஏழு வித்வான்கள் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஒரு கல்யாண கேசட்டோ ஸ்பூலோ கிடக்கலாம். ஓடுகிறதா என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில், விவரம் தெரிந்த பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு, டப்பாமேல் எழுதி வையுங்கள்: நாயனம் யார், தவில் யார், எந்த ஊர், எந்த வருஷம். பெண்ணின் பெயரையும்.