மூலைக்கு மூலை

கைவினை என்றாலே கற்பனை, படைப்புத் திறன் என்று பேச ஆரம்பித்துவிடுகிறார்கள். வண்ணக் காகிதக் கட்டின் உறைமேல்கூட அதைத்தான் அச்சடித்து விற்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகம் உண்டு. ஒரு சதுரக் காகிதத்தை மூலைக்கு மூலை சேர்த்து, நகத்தால் நீவி மடிக்கும்போது வருகிற சந்தோஷம், சொன்னபடி செய்வதில் வருகிற சந்தோஷம். புள்ளிக்கோலம் போடுகிறவர்களுக்கு இது புரியும். புள்ளி தப்பினால் கோலம் இல்லை.

நாங்கள் இருப்பது ஜெர்மனியின் துரிங்கியா மாநிலத்தில், யேனா நகரில். குளிர் விடத் தொடங்கியதும் இங்கே வீட்டுக்கு வீடு ஜாடியில் கிளைகள் வந்து உட்கார்ந்துவிடும். பெரும்பாலும் ஃபோர்சித்தியா, இலை வருமுன்பே மஞ்சளாகப் பூக்கிற புதர். மொட்டோடு வெட்டி அறைக்குள் தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் பூத்துவிடும் என்பதால், ஈஸ்டர் ஞாயிறிலிருந்து பின்னோக்கி எண்ணித்தான் கத்தரியை எடுக்க வேண்டும். ஈஸ்டரோ மார்ச் 22க்கும் ஏப்ரல் 25க்கும் நடுவே வருஷத்துக்கு ஒரு தேதியில் வரும். வில்லோவின் பஞ்சுமொட்டுக் கிளைகளும் வைப்பார்கள். ஆனால் ஆற்றங்கரையில் போய் இஷ்டத்துக்கு வெட்டி வந்தால் ஊர் முறைக்கும். குளிர் கழிந்து வெளியே வருகிற தேனீக்களுக்கு முதல் தீனி அதுதான். சந்தையில் விற்பதற்கென்றே வளர்த்த கிளைகள் கிடைக்கும்.

கிளைகளில் வெற்று முட்டை ஓடுகளைச் சாயமேற்றித் தொங்கவிடுவார்கள். இங்கிருந்து தெற்கே, ஸால்ஃபெல்ட் என்ற ஊரில் ஃபோல்கர் கிராஃப்ட் என்பவர் 1965-ல் தன் தோட்டத்து ஆப்பிள் மரத்தில் 18 பிளாஸ்டிக் முட்டைகளை மாட்டினார். மரம் வளர முட்டையும் பெருகி, கடைசியில் பத்தாயிரத்தைத் தொட்டது. சமையலுக்கு எடுக்கிற முட்டையை உடைக்காமல், துளையிட்டு ஊதி எடுத்து, ஓட்டைச் சேர்த்து வைத்தார்களாம். அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆம்லெட் கிடைத்த அளவுக்கு அவித்த முட்டை கிடைத்திருக்காது.

எங்கள் மாடியில் எதிர்வீட்டு அம்மாளுக்கு எண்பதை நெருங்கும் வயது. என் மகள் அவரை ‘ஓமா’ என்று கூப்பிடுகிறாள். இங்கே பாட்டிக்கு அதுதான் பெயர். ஈஸ்டர் காலைச் சாப்பாட்டு மேஜைக்குத் தட்டுக்கு ஒன்றாகக் காகிதக் கூடை செய்வது அவர் வீட்டு வழக்கம். பதினைந்து சென்டிமீட்டர் சதுரம். இரண்டு பக்கமும் மும்மூன்றாக மடித்தால் ஒன்பது கட்டம். எதிரெதிரான இரண்டு ஓரங்களில், ஓரத்துக்கு இரண்டாக, ஒரு கட்ட நீளத்துக்கு நான்கு வெட்டு. நடுக்கட்டம் அடித்தளமாக, சுற்றிலும் தூக்கி நிறுத்தி, மூலைக் கட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று ஒட்டிவிட்டால் ஒரு முட்டை நிற்கும் கூடை தயார். கைப்பிடிக்கு ஒரு பட்டை.

சொல்லும்போது சுலபம். மூன்றாக மடிப்பதில்தான் வித்தை. பாதியாக மடிக்க மூலைகள் வழிகாட்டும். மூன்றாக மடிக்க ஒன்றும் வழிகாட்டாது. ஓமா அளவுகோலைத் தொடுவதில்லை. காகிதத்தை முன்னும் பின்னுமாகத் தளர வளைத்து, மூன்று அடுக்கும் ஒரே அகலமாகத் தெரிகிறவரை இரண்டு ஓரத்தையும் மெல்ல நகர்த்துவார். சரியாக வந்த பிறகுதான் கட்டைவிரல் அழுத்தும். கெட்டித் தாளாக இருந்தால் முதலில் அதை இரண்டு திசையிலும் லேசாக வளைத்துப் பார்ப்பார். ஆலையில் காகிதம் ஓடும்போது நார்கள் பெரும்பாலும் ஓட்டத்தின் திசையிலேயே படுத்துவிடும். செய்தித்தாள் ஒரு பக்கம் கிழித்தால் நேராகவும் மறுபக்கம் கிழித்தால் கோணலாகவும் போவது அதனால்தான். நாரோடு மடித்தால் மடிப்பு சுத்தமாக விழும். குறுக்கே மடித்தால் மடிப்பின் முதுகு வெடித்து வெள்ளை தெரியும்.

கூடைக்குள் போட ஒரு குட்டிப் பாய் வேண்டும் என்று அவர் பச்சைத் தாளைப் பட்டைகளாக நறுக்கியபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பள்ளிக்கூடத்தில் கிராஃப்ட் பீரியடில் கிளேஸ் பேப்பரை ஊடும் பாவுமாகக் கோத்துப் பாய் பின்னாதவர்கள் நம்மில் குறைவு. அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்டதில்லை. ஸால்ஃபெல்டுக்குப் பக்கத்து ஊரான பாட் பிளாங்கன்புர்க்கில் 1837-ல் சிறு பிள்ளைகளுக்கென ஒரு நிலையம் தொடங்கி, 1840-ல் அதற்குக் கிண்டர்கார்டன் என்று பெயரிட்ட ஃபிரீட்ரிக் ஃப்ரோபெல் வகுத்த பயிற்சிகளில் மடித்தல், கத்தரித்தல், பாய் பின்னல் எல்லாம் உண்டு. கிண்டர்கார்டன் உலகம் சுற்றியபோது பட்டைக் காகிதமும் கூடவே சுற்றியது.

ஃப்ரோபெலும் ‘உன் இஷ்டம்போல் செய்’ என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை. மரக்கட்டைகளைக் கொடுத்தால் எல்லாக் கட்டையும் உருவத்தில் சேர வேண்டும், ஒன்றும் மிஞ்சக் கூடாது. இவ்வளவு ஒழுங்கு பார்த்த மனிதரின் பள்ளிகளை, நாத்திகம் வளர்க்கின்றன என்று சொல்லி 1851-ல் பிரஷ்ய அரசு தடை செய்தது. தடை நீங்கியது 1860-ல். அவர் 1852-லேயே போய்விட்டார். காகிதம் மடிக்கிற குழந்தையைப் பார்த்துப் பயந்த அரசாங்கம் என்று நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியமாகத்தான் இருக்கிறது.

ஓமாவின் காகிதங்கள் பெரும்பாலும் பரிசுப் பொட்டலம் சுற்றி வந்தவை. கிழக்கு ஜெர்மனியில் நல்ல தாள் லேசில் கிடைக்காத காலத்தில் அதைப் பிரித்து, இஸ்திரி போட்டு, அலமாரியில் அடுக்கப் பழகியவர். “ஈஸ்டர் திங்களையே எடுத்துவிட்டார்கள், தெரியுமா?” என்பார். உண்மைதான். 1967-ல் அந்த விடுமுறை போய், 1990-ல்தான் திரும்பி வந்தது. ஞாயிறு மதியமே மேஜையைக் கலைத்து, மறுநாள் வேலைக்குக் கிளம்ப வேண்டியிருந்ததாம். இப்போது திங்கட்கிழமை மாலைவரை கூடைகள் மேஜையில் இருக்கின்றன. பின்னல் ரொட்டி, ஆட்டுக்குட்டி அச்சில் வார்த்த கேக், வெங்காயத் தோலில் வேகவைத்துச் செம்பழுப்பான முட்டைகள் எல்லாம் தீர்ந்த பிறகும்.

கடையில் இதே கூடை ஒரு யூரோவுக்குள் கிடைக்கிறது, அச்சில் வெட்டி, கோடு போட்டு. மடிப்பதற்குக்கூட வேலை வைக்கவில்லை. காசு மிச்சம் என்றோ அழகு என்றோ சொல்லி அதோடு போட்டி போட முடியாது. எங்கள் கூடைகளில் பாதி ஒரு பக்கம் சாய்ந்தே நிற்கும்.

என் மகள் இந்த வருஷம் நான்கு பட்டைகளை மடித்துக் கோக்கிற நட்சத்திரத்தைச் செய்யத் தொடங்கினாள். ஃப்ரோபெல் பெயரிலேயே இங்கே வழங்குவது. ஓமா பட்டையை வாங்கி ஓரமாக வைத்தார்.

“அது கிறிஸ்துமஸுக்கு, கண்ணு.”

“இப்போ செஞ்சா என்ன ஓமா?”

“செய்யக் கூடாது. கூடைக்கு வா.”