மணற்குன்றுகளுக்குள் ஒரு டோபோ ஷீட்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் நெடுஞ்சாலை 2-ஐப் பிடித்து மேற்கே போகிறவருக்கு முதலில் எதுவுமே பிடிபடாது. குன்று, புல், மறுபடியும் குன்று. சாண்ட்ஹில்ஸ் எனப்படும் இந்த மணற்குன்றுப் பரப்பு ஏறத்தாழ 50,000 சதுர கிலோமீட்டர். புல்லின் வேர்தான் மணலைப் பிடித்து வைத்திருக்கிறது. ஏர் பூட்டினால் பறந்துவிடும். அதனால் எங்கும் மாட்டுப் பண்ணைகள்தான். வடக்கே உள்ள செர்ரி கவுண்டி கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. மக்கள்தொகையோ 6,000-ஐ எட்டவில்லை.

அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் பழைய டோபோ ஷீட்டை, அதாவது நில அமைப்பு வரைபடத் தாளை, மடியில் விரித்துக்கொண்டால் ஊர் பேசத் தொடங்கும்.

1:24,000 அளவுத் தாளில் பழுப்புச் சம உயரக் கோடுகள் நெளிகின்றன. பல கோடுகள் வளையமாக மூடி, உட்புறம் சிறு பல் வரிசையோடு இருக்கும். அவை வடிகால் இல்லாத பள்ளங்கள். மழைநீர் ஆற்றுக்கு ஓடாமல் மணலில் இறங்கி, ஒகல்லாலா நிலத்தடி நீரில் சேர்கிறது. அந்த நீரை மேலே இழுப்பவை காற்றாலைகள். தாளில் அவை ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டிருக்கின்றன. தண்ணீருக்காக மாடு வெகுதூரம் நடந்தால் தின்ற புல் உடம்பில் ஒட்டாது. காற்றாலைகளின் இடைவெளிக்கு அதுதான் கணக்கு.

கறுப்புச் சதுரத்தின் மேல் சின்னக் கொடி பறந்தால் பள்ளிக்கூடம். இந்த வெறுமையில் பள்ளிக்கூடம் ஏன் என்றால், 1904-இன் கின்கெய்ட் சட்டம் குடும்பத்துக்கு 640 ஏக்கர் கொடுத்தபோது குடியேறியவர்கள் பலர். இந்த மண்ணில் அதுவும் போதவில்லை. விற்றுவிட்டுக் கிளம்பியவர்களின் நிலம் பெரிய பண்ணைகளோடு கலந்தது.

அலையன்ஸ் நகருக்குக் கிழக்கே ஆன்டியாக் என்ற ஊர் வருகிறது. முதல் உலகப் போரில் ஜெர்மன் பொட்டாஷ் உர வரத்து நின்றதும், இங்குள்ள உவர் ஏரிகளிலிருந்து பொட்டாஷ் எடுத்தார்கள். ஊர் திடீரென வீங்கியது. போர் முடிந்து ஜெர்மன் சரக்கு திரும்பியதும் ஆலைகள் மூடின. இன்று சாலையோரம் கான்கிரீட் இடிபாடுகள் மட்டும்.

பழைய தாள்களில் பிற்காலத் திருத்தங்கள் ஊதா நிறத்தில் இருக்கும்: நேரில் போய்ப் பார்க்காமல் வான்படத்தைக் கொண்டு சேர்த்தவை. 2009-க்குப் பிந்தைய புதிய தாள்கள் தரவுத்தளத்திலிருந்து தயாராகின்றன. காற்றாலைகளை அவற்றில் தேட வேண்டாம். பண்ணை நாட்டுக்குப் பழைய தாளே மேல்.

1884 முதல் 2006 வரையிலான தாள்களைப் புவியியல் ஆய்வுத் துறை இலவசமாகவே தருகிறது. போகுமுன் இறக்கிக்கொள்ளுங்கள், குன்றுகளுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. நிலம் பெரும்பாலும் தனியாருடையது என்பதால், வேலிக்குள் நுழையுமுன் பண்ணைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.