கலயத்துச் சுண்ணாம்பு

அமிர்திக்குப் போகிறவர்கள் அருவியைப் பார்ப்பார்கள், மான்களைப் பார்ப்பார்கள். வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், ஜவ்வாது மலை அடிவாரம். 1967-ல் ஏற்பட்ட மிருகக் காட்சிசாலை ஒன்றும் அங்கே இருக்கிறது. குழந்தைகளுக்கு அது போதும். எனக்கு மட்டும் போகிற வழியில் தென்படும் பனைமரங்களின் மேல்தான் கண். வேலூர் வெயிலில் வாழ்க்கைப்பட்டவளுக்குப் பதநீரின் அருமை தெரியாமல் இருக்குமா?

சென்ற சித்திரையில் சாலையோரத்தில் ஒரு பெண் பதநீர் விற்றுக் கொண்டிருந்தாள். என் மாமியார் வாங்கியதும் குடித்துவிடவில்லை. முகர்ந்தார், நுரை கட்டியிருக்கிறதா என்று பார்த்தார், ஒரு வாய் நாக்கிலே வைத்துப் பார்த்து, "சுருக்கென்று இல்லை, குழந்தைகளுக்குக் கொடு" என்று உத்தரவு போட்டார். அந்தப் பெண் கோபித்துக் கொள்ளவில்லை. "சுண்ணாம்பு நல்லா தடவியிருக்கும்மா, பயப்படாதீங்க" என்று சிரித்தாள்.

அந்தச் சுண்ணாம்பில்தான் எல்லாம் இருக்கிறது. பாளையைச் சீவினால் வடிகிற சாறு ஒன்றே. வெறும் கலயத்தில் வடிந்தால் அது கள். உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தில் வடிந்தால் பதநீர். சாற்றில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் சர்க்கரை. காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் அதைத் தின்று சாராயச் சத்தாக மாற்றிவிடும். அதற்குப் பின்னால் வேறு கிருமிகள் வந்து அதையும் காடியாக்கும். சுண்ணாம்பின் காரத்தில் இவை தழைக்க முடியாது. அளவு குறைந்தால் புளிக்கும்; கூடினால் நாக்கு வெந்து போகும். தராசு கிடையாது, கரண்டி கிடையாது, கை அளவுதான்.

இட்லி மாவுக்கு நாம் புளிப்பை வருந்தி அழைக்கிறோம். மார்கழிக் குளிரில் பாத்திரத்தைக் கம்பளியால் போர்த்திக்கூட வைக்கிறோம்! இங்கே அதே புளிப்பை வாசலிலேயே தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. பிரான்ஸ் தேசத்தாருக்கும் இதே கவலை இருந்தது. திராட்சை மது பீப்பாயிலேயே கெட்டுப் போவது ஏன் என்று கண்டுபிடிக்கும்படி மூன்றாம் நெப்போலியன் 1863-ல் லூயி பாஸ்டரைக் கேட்டுக் கொண்டான். கெடுப்பவை கிருமிகளே என்றும், கொதிக்க விடாமல் இதமாகச் சூடாக்கினால் மது கெடாது என்றும் அவர் காட்டினார். இன்று பால் பாக்கெட்டில் பார்க்கிறோமே 'பாஸ்டரைஸ்' என்ற சொல், அது அவர் பெயர்தான்.

பனையேறிக்கு அரசனும் இல்லை, ஆராய்ச்சிசாலையும் இல்லை. அவள் புருஷன் காலையும் மாலையும் மரமேறிப் பாளை சீவுகிறான். விற்றது போக மிஞ்சியதை அவள் அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். "வெயில் ஏறினா ஏமாத்திடும்மா. பொங்கிப் பொங்கி வரும், ஆனா வெல்லம் கட்டாது" என்றாள். அவள் சொன்னது சத்தியம். புளிப்பு ஏறினால் சர்க்கரை வேறு சர்க்கரைகளாகப் பிளந்துவிடும். எவ்வளவு காய்ச்சினாலும் பிசுபிசுவென்று பாகாகவே நிற்கும். எரித்த விறகும் போச்சு, ஏறிய ஏற்றமும் போச்சு! போதாததற்குச் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் கள்ளுக்கு 1987 முதல் தடை. பதநீருக்குத் தடை இல்லை. தடவுகிற சுண்ணாம்பு குறைந்தால் வியாபாரம் மட்டுமா கெடும்? போலீஸ் சமாசாரமும் ஆகிவிடும். அந்தப் பெண்ணின் கையில் வெந்து வெடித்த சுண்ணாம்புத் தழும்புகளைப் பார்த்த பிறகு, அவள் சொன்ன விலையில் பேரம் பேச எனக்கு நா எழவில்லை. (என் மாமியாருக்கு எழுந்தது.)

நீங்கள் வாங்குவதானால் காலையிலேயே வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் அடியில் தங்கிய சுண்ணாம்பு கலங்காமல் மேலாக வடித்துவிட வேண்டும். மூடி இறுக்கிய பாட்டிலில் மணிக்கணக்காக வைக்கக் கூடாது. புளிக்கத் தொடங்கினால் உள்ளே வாயு சேர்ந்து மூடியைத் தூக்கி அடிக்கும். குளிர்ப்பெட்டி புளிப்பைத் தாமதப்படுத்துமே தவிர நிறுத்தாது. மிஞ்சிப் போனால் அன்று மாலைக்குள் அடுப்பில் ஏற்றி, கொஞ்சம் பச்சரிசியும் பாசிப்பருப்பும் ஏலக்காயும் போட்டுப் பொங்கிவிடுங்கள். சர்க்கரையே வேண்டியதில்லை.