200 மணி நேரம் பறந்தாச்சு, அப்புறம்?

இது மருத்துவப் பதிவு இல்லை, ஆனா கொஞ்சம் மருத்துவமும் வரும். பிள்ளையை பைலட் ஆக்கணும்னு கடன் வாங்க நிக்கிற அப்பா அம்மா யாரையாவது தெரிஞ்சா அவங்களுக்குக் காட்டுங்க. நீளமான பதிவு, பொறுத்துக்கோங்க.

கள்ளக்குறிச்சியில் என்கிட்ட பல வருஷமா சுகருக்கு வர்ற விவசாயி ஒருத்தர். ஊர் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை அடிவாரம். மரவள்ளியும் கொஞ்சம் நெல்லும் போடறார். ரெண்டு மாசம் முன்னாடி வந்தப்போ மூணு மாத சராசரி சர்க்கரை 7.2-ல இருந்து 9.8-க்கு ஏறியிருந்தது.

"மாத்திரை விட்டுட்டீங்களாண்ணே?"

"இல்ல டாக்டர். தூக்கம்தான் இல்ல. இன்னொரு காணியையும் வித்துடலாமான்னு ஓடிட்டே இருக்கு."

முதல் காணி வித்தது எனக்குத் தெரியும். மகன் வெளிமாநிலத்தில் ஒரு பள்ளியில் 200 மணி நேரம் பறந்து கமர்ஷியல் பைலட் லைசென்ஸ் வாங்கினான். ஆரம்பத்தில் இவர் என்கிட்ட கேட்டப்போ, "200 மணி நேரம் முடிச்சா வேலைதாண்ணே, தைரியமா போடுங்க"ன்னு சொன்னவன் நான்தான். யாரோ சொல்லக் கேட்டதை அப்படியே திருப்பிச் சொன்னேன். டாக்டர் சொல்லிட்டாருன்னு வீட்டில் மறுபேச்சே இல்லையாம். இந்தப் பதிவை எழுத அதுதான் காரணம்.

அன்னைக்கு ஓ.பி. முடிஞ்சதும் பையனையும் வரச்சொல்லி, மருந்துச் சீட்டுக்குப் பின்னாடி கணக்குப் போட்டோம்.

பள்ளியில் கொடுத்த கொட்டேஷன் ஒற்றை எஞ்சின் விமானத்துக்கு மட்டும். ஏர்லைன்ஸ் வேலைக்குப் பல எஞ்சின் ரேட்டிங்கும் வேணும், இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்கும் வேணும். ரெண்டு எஞ்சின்னா எண்ணெயும் ரெண்டு மடங்கு, மணிக்கு வாடகையும் அதிகம். இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்குன்னா வெளியே பார்க்காம கருவிகளை மட்டும் பார்த்து ஓட்டுறது. அதுக்கு 40 மணி நேரக் கணக்கு காட்டணும், அதில் ஒரு பகுதியை சிமுலேட்டரில் செய்யலாம். எடுத்து வச்சாலும் சும்மா இருக்காது, வருஷா வருஷம் செக் கொடுத்துப் புதுப்பிக்கணும். இது எதுவும் அந்த முதல் தாளில் இல்லை.

மழை, விமானப் பழுது, வரிசையில் காத்திருப்பு. ஒரு வருஷம்னு சொன்னது ரெண்டு வருஷத்துக்கு மேல போச்சு. அந்த மாசங்களுக்கெல்லாம் ரூம் வாடகையும் சாப்பாடும் யார் கணக்கிலும் இல்லை.

இப்போ என் துறை. பையனுக்கு இரண்டாம் வகுப்பு மெடிக்கல் ஓகே ஆனதுமே முதல் தவணையைக் கட்டிட்டாங்க. கமர்ஷியல் லைசென்ஸுக்கு முதல் வகுப்பு வேணும். அதுக்குப் போனப்போ பி.பி. அதிகம்னு தற்காலிகத் தகுதியின்மை. 24 மணி நேர பி.பி. பரிசோதனை, திரும்பத் தேதி வாங்கறதுன்னு மூணு மாசம் போச்சு. கடைசியில் பயத்தில் ஏறினதுதான், தேறிட்டான். ஆனா அவன் அப்பாகூட என் அறைக்கு எத்தனையோ தடவை வந்து உட்கார்ந்திருக்கான். ஒருநாள்கூட அவன் கையில் பட்டையைச் சுத்தி நான் பார்த்ததில்லை.

அதனால, ஒரு ரூபாய் கட்டறதுக்கு முன்னாடி முதல் வகுப்பு மெடிக்கலில் என்னென்ன பார்ப்பாங்களோ அதை உள்ளூரிலேயே பார்த்துடுங்க: பி.பி., சர்க்கரை, ஈ.சி.ஜி., காது. முக்கியமா நிறக்குருடு. சிவப்பு, பச்சை பிரிச்சுப் பார்க்க முடியாத குறை பெரும்பாலும் ஆண்களுக்கு வரும், அம்மா வழியில் வரும். தாய்மாமனுக்கு இருக்கான்னு கேளுங்க. கண் டாக்டர்கிட்ட புள்ளிப் படப் புத்தகம் இருக்கும், அஞ்சு நிமிஷ வேலை. வேலைக்குப் போன பிறகும் இந்த மெடிக்கல் வருஷத்துக்கு ஒரு தடவை உண்டு. உடம்பு கெட்டு லைசென்ஸ் போனா ஈடு கொடுக்கிற இன்சூரன்ஸும் இருக்கு. அதையும் பட்ஜெட்டில் எழுதுங்க.

கல்விக் கடன்னா பொதுவா 7.5 லட்சத்துக்கு மேல சொத்து அடமானம் கேட்பாங்க. படிப்பு முடிஞ்சு ஒரு வருஷத்தில் தவணை தொடங்கிடும், வேலை கிடைச்சுதான்னு பார்க்க மாட்டாங்க. அண்ணனுக்குத் தூக்கம் போனது அந்த மாசத்தில்தான்.

மலைமேல வெள்ளிமலைப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒண்ணு. பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கான மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில் கமர்ஷியல் பைலட் படிப்பும் சேர்த்திதான். முழுச் செலவையும் தாங்காது. ஆனாலும் பள்ளியில் சேர்றதுக்கு முன்னாடியே கலெக்டர் ஆபீஸில் விசாரிங்க.

சரி, ரெண்டாவது காணி. பையன் கையில் ரெண்டு தாள் இருந்தது. ஒரு குறிப்பிட்ட பெரிய விமானத்தை ஓட்ட டைப் ரேட்டிங், 17 லட்சம். பயிற்றுநர் ரேட்டிங், 7 லட்சம். அவனுக்கு முதல் தாள்தான் ஆசை, சினேகிதன் எடுத்துட்டானாம்.

"வேலைக் கடிதம் இருக்கா தம்பி?"

"இல்ல சார். எடுத்து வச்சா கூப்பிடுவாங்க."

கூப்பிடலைன்னா? ஓட்டாம இருந்தா டைப் ரேட்டிங்கும் காலாவதி ஆகும், சிமுலேட்டருக்குத் திரும்பப் பணம் கட்டணும். பயிற்றுநர்னா சம்பளம் சுமார்தான். முதலில் உதவிப் பயிற்றுநர், மூத்தவர் மேற்பார்வையில்தான் சொல்லிக்கொடுக்கலாம். மாணவனை முதல் தடவை தனியா பறக்க அனுப்பற அதிகாரம்கூட கிடையாது. ஆனா ஒவ்வொரு மணி நேரமும் அவன் லாக் புக்கில் ஏறும், கை பழக்கம் விடாது. அமெரிக்காவில் நிறையப் பேர் இப்படித்தான் 1,500 மணி நேரம் சேர்த்து ஏர்லைன்ஸுக்குப் போறாங்க. நம்ம ஊரிலும் விமானத்துக்குக் கேப்டன் ஆகத் தேவையான லைசென்ஸுக்கு அதே 1,500தான்.

வேலைக் கடிதம் கையில் வந்தா டைப் ரேட்டிங் எடு, அதுவரைக்கும் வேண்டாம்னு சொன்னேன். சொல்லும்போதே பயமாத்தான் இருந்தது. போன தடவையும் நான்தானே சொன்னேன்? அதனால இந்த முறை, பயிற்றுநரா வேலை பார்க்கிற ரெண்டு பேர்கிட்ட பேசாம பணம் கட்டாதேன்னு சேர்த்துச் சொன்னேன். பேசினான். ஒருத்தர் சரின்னார். இன்னொருத்தர், சேரப்போற பள்ளியில் ஆள் எடுப்பாங்களான்னு எழுத்தில் வாங்குன்னார். எனக்கு அது தோணவே இல்லை.

போன வாரம் அண்ணன் வந்தார். காணி விக்கலை. மரவள்ளிப் பணத்தோட மச்சான் கொஞ்சம் கொடுத்து 7 லட்சம் புரட்டியிருக்காங்க. வெறும் வயித்துச் சர்க்கரை இன்னும் 160-க்கு மேலதான். பையன் ஞாயிற்றுக்கிழமை வர்றான், அடுத்த மெடிக்கலுக்கு முன்னாடி பி.பி. பார்க்க.