முறியுமுன் நீள்வது

2021 ஏப்ரல் 28, காலை 7.51 மணி. சோணித்பூர் மாவட்டத்தை மையமாகக் கொண்ட 6.4 அளவு நிலநடுக்கம் அஸ்ஸாமை உலுக்கியபோது நான் குவாஹாட்டியில் இருந்தேன். அச்சம் தணிந்ததும் துறையின் படிப்பறைக்கு ஓடினேன். கான்கிரீட் சுவரில் பொருத்தியிருந்த இரும்பு நூலடுக்கு அப்படியே இருந்தது. அதன் கீழேதான் இளைய ஆய்வாளர் ஒருவர் நாள்தோறும் அமர்ந்து எழுதுவார்.

அதைப் பொருத்திய நாளில், 10 மி.மீ. போல்ட் போதும் என்றார் பணியாளர். தடித்ததே உறுதி என வற்புறுத்தி 16 மி.மீ. போல்ட் வாங்கித் தந்தவன் நான். துளையின் ஆழமோ 5 செ.மீ. மட்டுமே. நிலநடுக்கத்துக்குப் பின் என் முன்யோசனையை நானே மெச்சிக்கொண்டேன்.

சில மாதங்கள் கழித்து, கட்டமைப்புப் பொறியியலில் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர், கட்டுமானப் பணியாளர்களுக்கான கையேட்டுக்காக 'டக்டைல்' என்பதற்குத் தமிழ்ச்சொல் கேட்டார். 'நெகிழ்வு' என்றேன். அவர் சிரித்து, "தம்பி, நெகிழ்வது பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இது திரும்பாது. வந்து பாருங்கள்" என்று ஆய்வகத்துக்கு அழைத்தார்.

கான்கிரீட்டில் ஆழமின்றிப் பதித்த தடித்த போல்ட்டை முதலில் இழுத்தார்கள். எவ்வித முன்னறிகுறியுமின்றி வெடியோசை எழுந்தது. போல்ட் சிதையவில்லை, கூம்பு வடிவில் கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு வெளியே வந்தது. அடுத்தது ஆழமாகப் பதித்த மெல்லிய போல்ட். அது மெல்ல நீண்டது, ஓரிடத்தில் இடை சிறுத்தது, நெடுநேரம் கழித்தே அறுந்தது.

நிலநடுக்கம் எவ்வளவு விசையைத் தரும் என்பதை எவராலும் துல்லியமாக முன்கூறவியலாது. ஆகவே எது முதலில் தோற்க வேண்டும் என்பதை வடிவமைப்பவரே தீர்மானிக்கிறார். எஃகு நீளும்போது அதிர்வின் ஆற்றலை உட்கொள்கிறது. கான்கிரீட்டுக்குச் செல்லும் விசைக்கு வரம்பிடுகிறது. மனிதர் விலக அவகாசம் தருகிறது. அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் ஏ.சி.ஐ. 318 விதித்தொகுப்பில் இதற்கென ஒரு வழி உண்டு: கான்கிரீட்டின் தாங்குதிறன் எஃகினுடையதைப்போல் 1.2 மடங்குக்கு மேல் இருக்க வேண்டும். போல்ட் தடையின்றி நீள, அதன் விட்டத்தைப்போல் குறைந்தது 8 மடங்கு நீளம் விட வேண்டும். 16 மி.மீ. போல்ட்டுக்கு அது 128 மி.மீ.; நான் இடச் செய்த துளையின் ஆழமே 50 மி.மீ.தான்.

என் தடித்த போல்ட் எவரையும் காக்கவில்லை. அன்றைய அதிர்வு அதைச் சோதிக்கும் அளவுக்கு அங்கே எட்டவில்லை, அவ்வளவுதான். 1897-ஐயும் 1950-ஐயும் கண்ட நிலத்தில் அதை நம்பி ஒருவரை அமர வைத்திருந்தேன்.

மறுநாளே மேசையை இடம் மாற்றினோம்; அடுக்கைக் கழற்றிவிட்டு, நண்பரின் கணக்கின்படி மீண்டும் பொருத்தினோம். பள்ளிப் பாடநூலின் 'கம்பியாக நீளும் தன்மை' பணியாளருக்கு உதவாது என்பதால், கையேட்டில் 'முறியாது நீளும் தன்மை' என்று எழுதினேன். அதற்குக் கீழே ஒரு வரியும் சேர்த்தேன்: போல்ட்டின் தடிமனை மட்டும் பார்க்காதீர்கள், துளையின் ஆழத்தையும் கேளுங்கள்.