24 விநாடிப் பயணம்



நான் எழுத்தாளன் இல்லை. ரங்கூனில் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பள்ளியில் படித்ததும் பர்மிய மொழியில்தான். தமிழ் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டது கோயிலில் நடந்த மாலை வகுப்பில். இப்போது மெல்பேர்ணில் ஒரு தொழிற்சாலையில் சாப்பாட்டுப் பொருட்களைப் பெட்டியில் அடைக்கும் வேலை, இரவு நேர வேலை. இந்தச் சஞ்சிகையில் வரும் கட்டுரைகள் அநேகமாக யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு பற்றியவை. உங்களோடு பர்மாத் தமிழன் ஒருவனும் இருக்கிறான். அவன் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

போன மாதம் இடைவேளையின்போது கூட வேலை செய்பவர் ஒருவர், குடும்பத்தோடு உல்லாசக் கப்பலில் போய்வந்த படத்தைப் போனில் காட்டினார். பத்து நாள் பயணம் ஒன்றரை நிமிடத்தில் ஓடி முடிந்தது. சூரியன் பந்துபோல எழும்பி விழுந்தது. மேகங்கள் ஓட்டப் பந்தயம் ஓடின. "இதற்கு டைம்லாப்ஸ் என்று பெயர், கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்று கேட்டார். "என்னிடமும் ஒன்று இருக்கிறது" என்றேன். அதற்குள் மணி அடித்துவிட்டது. அவரிடம் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்கிறேன்.

முதலில், இது என்னவென்று தெரியாதவர்களுக்காக. சாதாரண வீடியோவில் ஒரு விநாடிக்கு 25 அல்லது 30 படங்கள் எடுக்கப்பட்டு அதே வேகத்தில் ஓடுகின்றன. டைம்லாப்ஸில் படங்களை இடைவெளி விட்டு எடுக்கிறோம். 10 விநாடிக்கு ஒரு படம் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 360 படங்கள், ஒரு நாளைக்கு 8,640 படங்கள். அவற்றை விநாடிக்கு 25 என்று ஓட்டினால் ஒரு முழு நாள் 6 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அவ்வளவுதான் வித்தை.

கப்பலில் எடுத்த இப்படியான படங்களில் பேர்பெற்றது ஜெஃப்ரி சாங் என்ற கப்பல் ஊழியர் 2017இல் வெளியிட்டது. 'குன்ஹில்டே மேர்ஸ்க்' என்ற சரக்குக் கப்பலில் இருந்து, செங்கடலில் தொடங்கி ஹொங்கொங் வரை 30 நாள் எடுத்தார். ஏறக்குறைய 80,000 படங்கள். அது 10 நிமிடப் படமாக வந்தது. கப்பல் நடுவில் கொழும்பிலும் நிற்கிறது. பாரந்தூக்கிகள் பெட்டிகளை ஏற்றி இறக்கும் கொழும்புத் துறைமுகத்தை அதில் பார்க்கலாம். உங்கள் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்.

என் கதைக்கு வருகிறேன். எங்கள் வீடு தன்லியினில் இருந்தது. சிரியம் என்பது அதன் பழைய பெயர். ரங்கூனில் இருந்து பாகோ ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் வரும் ஊர். அதற்குக் கீழே திலாவா என்ற துறைமுகம் இருக்கிறது. பெரிய உல்லாசக் கப்பல்கள் நகரத்துப் படித்துறை வரை வராமல் அங்கேதான் கட்டும். கப்பலில் இருந்து இறங்கும் வெள்ளைக்காரர்களைப் பஸ்ஸில் ஏற்றி நகரத்துக்குக் கூட்டிப்போவார்கள். அந்தப் பஸ்ஸில் நான் உதவியாள். தண்ணீர்ப் போத்தல் கொடுப்பது, வயதானவர்களைக் கை பிடித்து இறக்குவது என் வேலை.

2019 ஜனவரியில் ஒருநாள் வயதான தமிழ்த் தம்பதி இறங்கினார்கள். கனடாவில் இருந்து வந்தவர்கள். என் கழுத்தில் இருந்த முருகன் டாலரைப் பார்த்துவிட்டு அந்த ஐயா, "தம்பி, நீங்கள் தமிழோ?" என்று கேட்டார். "ஆமாங்க ஐயா" என்றேன். "எங்கட ஆக்கள் இங்கையும் இருக்கினமோ!" என்று மனைவியிடம் சொல்லிச் சந்தோஷப்பட்டார். அனவ்ரத்தா வீதியில் உள்ள காளி கோயிலில் பஸ் நின்றபோது, இது 1871இல் தமிழர் கட்டிய கோயில் என்று சொன்னேன். ஐயா அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் நின்றார்.

கப்பல் அடுத்த நாளும் நின்றது. ஒரு தமிழ் வீட்டைப் பார்க்க வேண்டும் என்று அவர்கள் கேட்டதால் எங்கள் வீட்டுக்குத் தேநீர் குடிக்கக் கூட்டிப்போனேன். அங்கேதான் ஐயா தன் போனை எடுத்து எங்கள் அப்பாவிடம் காட்டினார். கப்பல் கடலில் இருந்து ரங்கூன் ஆற்றுக்குள் நுழைந்து திலாவா வந்து சேர்ந்ததை அறை பால்கனியில் இருந்து எடுத்திருந்தார். எவ்வளவு மணி நேரம் எடுத்தாலும் அந்தப் போன் தானாகவே அரை நிமிட அளவுக்குச் சுருக்கிவிடும் என்றார்.

அப்பா அதைப் பார்த்தவிதத்தை நான் மறக்கமாட்டேன்.

என் தாத்தா 1936இல் சென்னையில் கப்பல் ஏறி ரங்கூன் வந்தவர். டெக்கில் பாய் விரித்துப் படுத்து வந்த கூலிக்காரப் பையன். அந்த நாளில் ரங்கூனில் பாதிக்கு மேல் இந்தியர்கள். 1931 கணக்கெடுப்பு அப்படித்தான் சொல்கிறது. தாத்தா அப்பாவுக்கு அடிக்கடி சொன்ன கதை ஒன்று உண்டு. நீலக் கடல் திடீரென்று சேற்று நிறமாக மாறும். கரையே தெரியாத இடத்தில் கப்பல் நின்றுவிடும். ஆற்றின் வாயில் மணல்திட்டு இருப்பதால் நீர் ஏறும் வரை காத்திருக்க வேண்டும், வழிகாட்டும் பைலட்டும் வந்து ஏற வேண்டும். பிறகு கப்பல் மெல்ல உள்ளே போகும். இரண்டு பக்கமும் தட்டையான கரை. கடைசியில் மரங்களுக்கு மேலே ஷ்வேடகோன் கோபுரத்தின் தங்கம் தெரியும். "அதைப் பார்த்ததும் பசி போயிடுச்சு" என்பாராம் தாத்தா.

தாத்தாவிடம் ஒரு படம்கூட இல்லை. அவருடைய தம்பி, கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்ட பிறகு 1964இல் இதே ஆற்றின் வழியாகக் கப்பலில் இந்தியாவுக்குத் திரும்பிப் போனார். அந்த வருடங்களில் லட்சக்கணக்கானவர்கள் அப்படிப் போனார்கள். சென்னையில் பர்மா பஜார் உண்டானது அவர்களால்தான். சின்னத் தாத்தா போனதற்கும் படம் இல்லை. அப்பா அந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர். ஆனாலும் ஆறு கடலில் சேரும் இடத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

அதை ஒரு போனில் அரை நிமிடம் பார்த்தார். நீலம் மண்ணிறமானது. கப்பல் நின்றது. "இதுதான்! அப்பா சொன்னது இதுதான்!" என்று சத்தம் போட்டார். "கொஞ்சம் மெதுவாகப் போடுங்கய்யா" என்றார். மெதுவாகப் போட முடியவில்லை. இடையில் எடுக்காமல் விட்டது விட்டதுதான். எட்டு ஒன்பது தடவை திருப்பித் திருப்பிப் போட்டோம்.

"நான் ஊரை விட்டு வெளிக்கிட்டு நாலு நாடு சுத்தித்தான் கனடா வந்தனான். வந்த வழியிலை ஒரு படமும் எடுக்கேல்லை. எடுக்கிற நிலைமையோ? அதுதான் இப்ப கண்டதெல்லாம் எடுக்கிறன்" என்றார் ஐயா. 1986 ஆகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தவித்த 155 தமிழர்களை மீன்பிடிப் படகுக்காரர்கள் காப்பாற்றியதையும் அன்றுதான் அவர் சொல்லிக் கேள்விப்பட்டேன்.

அவர்கள் போன பிறகு அப்பாவுக்கு ஒரே யோசனை. "கப்பல் திலாவாவோட நின்னுட்டுது. அப்பா வந்தது டவுன் வரைக்கும். மிச்சத்தை நீ எடு" என்றார். எங்களுக்குக் கப்பல் ஏது? பன்சொடான் படித்துறையில் இருந்து டாலாவுக்கு ஆற்றைக் கடக்கும் படகு இருக்கிறது. நடு ஆற்றில் போகும்போது கீழ்ப்பக்கமாகப் பார்த்தால் தாத்தாவின் கப்பல் வந்த வழி தெரியும். அதை எடுக்கலாம் என்று முடிவானது.

ஐயா சொல்லித் தந்தபடி போனில் ஒரு ஆப் போட்டேன். விநாடிக்கு ஒரு படம். அக்கரை போக ஏறக்குறைய 10 நிமிடம். 600 படங்கள், ஓட்டினால் 24 விநாடி. படகின் எஞ்சின் அதிர்வில் போன் ஆடுமே என்று நான் கவலைப்பட்டபோது, அப்பா சிறிய துணிப் பையில் அரிசி கட்டிக் கொண்டுவந்தார். கம்பிமேல் அந்தப் பையை வைத்து, அதற்குள் போனை அழுத்திவைத்துக் கையால் பிடித்துக்கொண்டேன். நன்றாக நின்றது.

படகில் வாடகைக்குக் கிடைக்கும் சின்னப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை எடுத்துப் போட்டு, அப்பா சரியாகப் போனுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். "அப்பா, படத்தில் விழுறீங்க, தள்ளி உட்காருங்க" என்றேன். "நான் பாட்டுக்கு இருக்கேன், நீ ஆத்தை எடு" என்றார். எனக்குக் கோபம். வீட்டுக்கு வந்து பார்த்தபோது இன்னும் கோபம். படத்தில் கால்வாசி அப்பாவின் முதுகும் இடது கன்னமும். "கெடுத்துட்டீங்க" என்று சொன்னேன். அந்தச் சொல்லைத்தான் இப்போது திரும்ப வாங்க முடியவில்லை. ஆனாலும் கனடா ஐயாவுக்கு அதை அனுப்பிவைத்தேன்.

2021 பெப்ரவரி 1ஆம் தேதி இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. ஜூலையில் கொரோனா ரங்கூனை வளைத்தது. ஆக்சிஜன் சிலிண்டருக்காகச் சனங்கள் தெருவில் வரிசையில் நின்ற மாதம் அது. நானும் நின்றேன். சிலிண்டரோடு வீட்டுக்கு வந்தபோது அப்பா இல்லை.

அந்த வருடக் கடைசியில் நான் மனைவியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு ஊரை விட்டு வெளியேறினேன். வழியில் போனைத் திறந்து காட்டச் சொல்வார்கள் என்று தெரியும். எந்தப் படம் என்ன பிரச்சினையைக் கொண்டுவரும் என்று யாருக்குத் தெரியும்? புறப்படும் முன்னாளிரவு எல்லாவற்றையும் அழித்தேன். தாய்லாந்து, மலேசியா என்று அலைந்து 2024இல் இங்கே வந்து சேர்ந்தோம். என் தாத்தாவைப் போலவே என்னிடமும் வந்த வழிக்கு ஒரு படமும் இல்லை. அப்பாவின் படமும் இல்லை.

இங்கே வந்து புதுப் போன் நம்பர் எடுத்ததும், நினைவில் இருந்த பெயரை வைத்துக் கனடா ஐயாவைத் தேடிப் பிடித்தேன். அப்பாவின் செய்தியைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "தம்பி, நீர் அனுப்பின படகுப் படம் என்னட்டை இருக்கு" என்றார். ஐந்து நிமிடத்தில் அது வந்து சேர்ந்தது.

வேலை முடிந்து வந்து விடியற்காலையில் சமையலறையில் நின்றபடி பார்த்தேன். படகில் நடமாடும் ஆட்கள், காடை முட்டை விற்கும் பெண், கடற்பறவைக்குத் தீனி போடும் பிள்ளைகள் எல்லாரும் மின்னி மின்னி மறைகிறார்கள். ஒருவர் முகமும் நிற்கவில்லை. விநாடிக்கு ஒரு படம் என்றால் நடக்கிறவர்கள் அப்படித்தான் ஆவார்கள். அசையாமல் இருந்த அப்பா மட்டும் 24 விநாடியும் முழுதாக இருக்கிறார். ஆற்றின் கீழ்ப்பக்கம் பார்த்தபடி. அவர் தள்ளி உட்கார்ந்திருந்தால் என்னிடம் இருந்திருப்பது வெறும் ஆறுதான்.

உங்களில் பலர் படகில் வந்தவர்கள் என்று அறிவேன். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக விசாவில் காத்திருந்து, 2023 பெப்ரவரியில்தான் நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது என்று சொல்லிக் கேட்டிருக்கிறேன். இப்போது விடுமுறைக்குப் போகிறீர்கள். சிலர் டாஸ்மேனியாக் கப்பலிலும் போகிறீர்கள். பிள்ளைகள் டைம்லாப்ஸ் எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த நாலு விஷயங்களைச் சொல்கிறேன்.

போனை ஆடாமல் வையுங்கள். அரிசிப் பை போதும், ஆனால் கம்பிமேல் வைத்தால் கையை எடுக்காதீர்கள். அழைப்பு வந்து குழப்பாமல் இருக்க விமானப் பயன்முறையில் போடுங்கள். சார்ஜ் நிறைய இருக்கட்டும். கப்பலின் கம்பியோ முனையோ ஒரு ஓரத்தில் தெரியட்டும். வெறும் கடலை மட்டும் எடுத்தால் எங்கே போகிறோம் என்றே தெரியாது.

எடுத்ததும் வேறு நாட்டில் இருக்கும் ஒருவருக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அம்மாவோ அப்பாவோ முன்னால் வந்து உட்கார்ந்தால் எழுப்பாதீர்கள்.

வந்த வழிக்குப் படம் இல்லாதவர்கள், பிள்ளைகளை இருத்தி வாயால் சொல்லுங்கள். என் தாத்தா அப்படிச் சொன்னதால்தான் என் அப்பாவால் அந்த ஆற்றுமுகத்தை அடையாளம் காண முடிந்தது.

என் மகனுக்கு இப்போது நாலு வயது. தாத்தாவின் படத்தைத் தினமும் கேட்கிறான். அவனும் "மெதுவாகப் போடுங்க" என்றுதான் சொல்கிறான். முடியாது என்பதால், படத்தை நிறுத்தி நிறுத்திக் கதையைச் சொல்கிறேன். 24 விநாடி முடிய எங்களுக்கு அரை மணி நேரம் ஆகிறது.

டைம்லாப்ஸ் எடுக்கப் பழக விரும்புகிறவர்கள் சனிக்கிழமை காலையில் தமிழ்ப் பள்ளிக்கு மகனைக் கூட்டிவரும்போது என்னைக் காணலாம். இரவு வேலை முடித்து வருவதால் கண் சிவந்திருக்கும், பயப்பட வேண்டாம். அரிசிப் பையும் கொண்டுவருகிறேன்.